சிங்களப் பள்ளிக்கூடமா, முஸ்லிம் பள்ளிக்கூடமா?

வருகிற வருடம் மகள் தரம் ஒன்று. வவுனியாவில் எங்கள் வளவுக்குக் கிட்ட உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. இந்த வீட்டுக்கு அண்மையில்தான் வந்தோம். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறிய வருடங்கள் போதாமல் வதிவிடப் புள்ளியில் அடிபட்டுப் போனோம். மிஞ்சியவை ஒரு சிங்களப் பள்ளிக்கூடமும் ஒரு முஸ்லிம் பள்ளிக்கூடமும். இரண்டிலுமே எங்கள் பிள்ளை போன்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவருக்குச் சிங்களப் பள்ளிக்கூடத்தில்தான் கண். 2007 யூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். அதற்காக முப்பத்தைந்து வயதில் இரவிரவாக ‘அயன்ன, ஆயன்ன’ எழுதிப் பழகியவர் இவர். பிள்ளைக்கு அந்தப் பாடு வேண்டாம் என்கிறார். நியாயம்தான். ஆனால் அங்கே சிங்களம் ஒரு பாடம் மட்டுமல்ல. கணக்கு, விஞ்ஞானம், வரலாறு எல்லாமே சிங்களத்தில். தமிழ் இரண்டாம் மொழிப் பாடமாகத்தான் வரும்.

பக்கத்து வீட்டுப் பையன் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு. பொலிஸிலும் அரச அலுவலகமான கச்சேரியிலும் அந்த வீட்டுக்கு அவன்தான் மொழிபெயர்ப்பாளன், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் அம்மம்மா கடைக்குச் சொன்ன சாமான்களை அவன் எழுதினான்: பருப்பு, மண்ணெண்ணெய், சவர்க்காரம். துண்டை வாங்கிய அம்மம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தா. கண்ணாடியில் பிழையில்லை. அவன் எழுதியிருந்தது சிங்களத்தில்.

சமயம், பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கட்டாயப் பாடம். சைவம் படிப்பிக்க ஆள் இல்லை என்று அந்த அதிபர் ஒளிக்காமல் சொன்னார். நல்ல மனிதர், தேத்தண்ணியும் தந்தார்.

முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் மொழிமூலம் தமிழ். சமயப் புத்தகத்தைத் தவிர மற்றதெல்லாம் மகன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற அதே அரசாங்கப் புத்தகங்கள். வீட்டுவேலை செய்யும்போது நான் பக்கத்தில் இருக்கலாம், எனக்கு இது பெரிய விசயம். ஒரு தமிழ் ஆசிரியை சைவமும் எடுக்கிறா. வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள்தான்.

தொல்லை இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நேரத்துக்கே விட்டுவிடுவார்கள். நான் வேலையிலிருந்து ஓடிவர வேண்டும். நோன்பு மாதத்தில் மகளுக்கு விடுமுறை, மகனுக்குப் பள்ளிக்கூடம். அப்புறம், வெள்ளைப் பர்தாக்களுக்கு நடுவில் இரட்டைப் பின்னலும் பொட்டுமாக இவள் ஒருத்தி. இரண்டு மாதத்தில் என்னை ‘உம்மா’ என்று கூப்பிடுவாள் என்று தங்கை பகிடி பண்ணுகிறாள். கூப்பிடட்டுமே.

என் அம்மாவுக்கு வேறு கவலை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியதைக் கண்ணால் கண்டவ. “எங்கட பிள்ளையை அவையள் மனம் வைச்சுப் பாப்பினமோ?” என்று கேட்டா. நான் பதில் சொல்லவில்லை, அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற ஒரு வயதான ஆள் எந்த ஊர் என்று விசாரித்தார். முல்லைத்தீவு என்றதும் தானும் அங்கேதான் பிறந்தவர் என்றார். இரண்டு பேரும் அரை மணித்தியாலம் கடற்கரையையும் கருவாட்டையும் பற்றிக் கதைத்தார்கள். நான் தனியாகப் போய்ப் படிவம் வாங்கினேன்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பள்ளிக்கூடத்தின் வகைதான். தேடுகிறவர்கள் இதை முதலில் கேளுங்கள். உயர்தரத்தில், அதாவது 12, 13ஆம் வகுப்புகளில், விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி வகைப் பள்ளிக்கூடங்களில் மட்டும். இந்த முஸ்லிம் பள்ளிக்கூடம் சாதாரண தரத்தோடு முடிகிறது. சிங்களப் பள்ளிக்கூடம் 1சி, கலையும் வர்த்தகமும்தான். எப்படியும் ஒருநாள் மாற வேண்டிவரும். இங்கிருந்து எந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் மாறலாம். பதினொரு வருடம் சிங்களத்தில் படித்த பிள்ளை எங்கே மாறும்? அநுராதபுரத்துக்கா? பல்கலைக்கழக அனுமதியில் வவுனியா மாவட்டத்துக்குள்ள ஒதுக்கீட்டையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

இவர் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமைகளில் தானே சிங்களம் படிப்பிக்கப் போகிறாராம். நாற்பது தாள் கொப்பி ஒன்றுக்கு உறை போட்டு, மகளின் பெயரை இரண்டு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார். சிங்களத்தில் ஒரு சுழி பிழை என்று பக்கத்து வீட்டுப் பையன் வந்து திருத்திவிட்டுப் போனான்.