மாற்று விபிஎன் பாதை: பாலிசி முறையா, ரூட் முறையா?

ஆறு அலுவலகங்களை, ஒவ்வொன்றிலும் இரண்டு இணைய இணைப்புகளோடு, ஐபிசெக் டனல்களால் (இணையத்தின் வழியே தரவை மறையாக்கிக் கொண்டுசெல்லும் விபிஎன் பாதைகளால்) பிணைக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது முதலில் பாலிசி முறையைத்தான் அமைத்தேன். எந்த சப்நெட்டிலிருந்து (அலுவலக வலையமைப்பின் ஒரு பகுதி) எந்த சப்நெட்டுக்குப் போகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) மறையாக்க வேண்டும் என்று ஒவ்வொரு டனலுக்கும் பட்டியல் எழுதி, முதன்மை டனல் விழுந்தால் மாற்று டனல் எழும்படி செய்வது அது. பின்னர் அதைக் கலைத்துவிட்டு, இரண்டு டனல்களும் எப்போதும் உயிரோடு இருக்க, ரூட்டர்கள் தங்களுக்குள் பாதைகளை அறிவித்துக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை பாதையைத் தேர்ந்தெடுக்கும் ரூட் முறைக்கு மாறினேன்.

பாதுகாப்பில் வேறுபாடு இல்லை. அடியில் இருப்பது ஒரே ஐபிசெக். இரண்டே அலுவலகங்கள், ஆளுக்கொரு சப்நெட் என்றால் பாலிசி முறையே போதும்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. ஓர் அலுவலகத்தில் ஐபி தொலைபேசிகளுக்கென்று புதிய சப்நெட் சேர்த்தபோது, முதன்மை டனலின் பட்டியலில் எழுதிய நாங்கள் மாற்று டனலின் பட்டியலில் எழுத மறந்தோம். மாற்று டனல் உறங்கிக்கொண்டிருந்ததால் பிழை வெளியே தெரியவில்லை. மாதங்கள் கழித்து முதன்மை இணைப்பு அறுந்த அன்று, கணினிகள் வழக்கம்போல் இயங்க, தொலைபேசிகள் மட்டும் ஊமையாயின. ஆறு அலுவலகங்களும் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்தால் 15 ஜோடிகள். ஜோடிக்கு இரண்டு டனல்கள், டனலுக்கு இரு முனைகள் என 60 பட்டியல்களைப் பிசகாமல் காக்க வேண்டும். ரூட் முறையில் புதிய சப்நெட்டை அந்த அலுவலகத்தின் ரூட்டரில் ஒருமுறை அறிவித்தால் இரு பாதைகளிலும் பரவிவிடும். அதைவிடப் பெரிய நன்மை, மாற்று டனலிலும் ஓஎஸ்பிஎஃப்பின் ஹலோ பாக்கெட்டுகள் (‘உயிரோடு இருக்கிறேன்’ என்னும் சிறு செய்திகள்) ஓயாமல் ஓடுவதால் அது செத்தால் அன்றே தெரிந்துவிடுகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மாற்று டனலின் காஸ்ட்டை (பாதைக்குத் தரும் மதிப்பு; குறைந்த மதிப்புள்ள பாதையையே ஓஎஸ்பிஎஃப் தேர்ந்தெடுக்கும்) இரு முனைகளிலும் உயர்த்தாவிட்டால் போவது ஒரு வழி, திரும்புவது வேறு வழி என்றாகி, உரையாடலின் ஒரு திசையை மட்டுமே காணும் இடையிலுள்ள ஃபயர்வால் பாக்கெட்டுகளைக் கைவிட்டுவிடும்.

ஓஎஸ்பிஎஃப் இயல்பாக 10 விநாடிக்கு ஒரு ஹலோ அனுப்பி, 40 விநாடி மௌனத்துக்குப் பிறகே பாதையை மாற்றும். பிஎஃப்டி (இணைப்பு அறுந்ததை விரைவாகக் கண்டறியும் நெறிமுறை) சேர்த்தால் ஒரு விநாடிக்குள் முடியும் என்றாலும், அதை நான் சோதனை மேசையில் மட்டுமே ஓட்டியிருப்பதால் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். நூற்றுக்கணக்கான கிளைகளுக்கும் என் முடிவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

எதை அமைத்தாலும், கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதை மட்டும் சோதனையாகக் கொள்ளாதீர்கள். போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்க, சேவையாளரின் வலையமைப்புக்குள் பாதை அறுந்துபோவதும் உண்டு. அந்நிலையை உருவாக்க, ரூட்டருக்கு அப்பால் உள்ள கருவியில் டனல் பாக்கெட்டுகளைத் தடுத்துப் பாருங்கள்.