850ஆ, 1550ஆ? மொட்டைமாடி லேசர் இணைப்புக்கு எது தேறும்

கேபிள் இழுக்க வழியில்லாத இரண்டு கட்டடங்களுக்கு நடுவே லேசர் மூலம் ஜிகாபிட் வேகம் எடுக்க, பெரும்பாலும் கிடைப்பவை 850 நானோமீட்டர், 1550 நானோமீட்டர் அலைநீளக் கருவிகள். 850 விலை மலிவு. ஆனாலும் ஒரு கிலோமீட்டர் தூரம் என்றால் என் ஓட்டு 1550க்குத்தான். விற்பவர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

"1550 பனியைத் துளைத்துவிடும்" என்பார்கள். துளைக்காது. அடர்பனியின் நீர்த்துளிகள் இரண்டு அலைநீளத்தையும்விடப் பெரியவை, இரண்டையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். 200 மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத பனியில் கிலோமீட்டருக்குச் சுமார் 85 டெசிபல் போய்விடும் (10 டெசிபல் இழப்பு என்றால் ஒளி பத்தில் ஒரு பங்காகிவிடும், 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு). புகையில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. போகி காலைபோல 2 கிலோமீட்டர் வரைதான் தெரிகிறது என்றால் 850க்கு 6.4 டெசிபல், 1550க்கு 4.3. இந்த 2 டெசிபலுக்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

காசு கொடுக்க வேண்டியது கண் பாதுகாப்புக்கு. 850 விழித்திரை வரை போய்க் குவியும். 1550ஐ விழியின் முன்பகுதியே உறிஞ்சிவிடும். அதனால் பாதுகாப்பு விதிகள் 1550க்கு ஏறக்குறைய 50 மடங்கு ஒளிச்செறிவை அனுமதிக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரம் 1 கிலோமீட்டர், கதிர் விரிவு 2 மில்லிரேடியன் (கிலோமீட்டருக்கு 2 மீட்டர் விரியும் கோணம்), பெறும் லென்ஸ் 20 செ.மீ. அங்கே போய்ச் சேரும்போது ஒளிவட்டம் 2 மீட்டர் அகலம். லென்ஸில் விழுவது நூற்றில் ஒரு பங்கு, அதாவது 20 டெசிபல் இழப்பு. கண்ணாடிகளுக்கு 4, குறி விலகலுக்கு 3 என்று ஒதுக்குவோம். 3 செ.மீ அனுப்பும் லென்ஸில் 850க்கு 10 மில்லிவாட், பெறும் கருவியின் உணர்திறன் மைனஸ் 36 டிபிஎம் (1 மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் டெசிபல்) என்றால், மழைக்கும் பனிக்கும் தாங்கும் கையிருப்பு 19 டெசிபல். 1550க்கு 200 மில்லிவாட் தாராளமாகப் போடலாம். உணர்திறன் 3 டெசிபல் மோசம் என்று வைத்தாலும் 29 டெசிபல் மிஞ்சும்.

சென்னையில் இந்த 10 டெசிபல்தான் தீர்ப்பு சொல்கிறது. அங்கே லேசருக்கு முக்கிய எதிரி வடகிழக்குப் பருவமழை. மணிக்கு 50 மி.மீ வேகத்தில் கொட்டினால் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் இழப்பு, இரண்டும் தாங்கும். 100 மி.மீ வேகத்தில் 23 டெசிபல் ஆகும்போது 850 படுத்துவிடும், 1550 நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கதை வேறு. மேகமே தரையிறங்கும் ஊரில் 10 டெசிபல் என்ன செய்யும்? 850 தாங்குவது 800 மீட்டர் பார்வைத்தூரம் வரை, 1550 தாங்குவது 550 வரை. அடர்பனிக்கு இரண்டுமே போதாது. அங்கே தூரத்தைக் குறைப்பதுதான் வழி: 300 மீட்டர் என்றால் 850கூட 170 மீட்டர் பார்வைத்தூரம் வரை தாக்குப்பிடிக்கும். இந்தப் பனிக் கணக்கு தோராயமானது, ஐந்து பத்து டெசிபல் முன்பின் இருக்கலாம். 300 மீட்டருக்குள் முடிகிற வேலைக்கு 1550 வாங்குவது வீண்செலவு என்பேன்.

பராமரிப்பில் 1550க்கு ஒரு வசதி: லேசரையும் ஒளிபெருக்கியையும் கீழே ஏசி அறையில் வைத்து, மேலே ஃபைபரை மட்டும் கொண்டுபோகலாம். வெயிலில் காய்வது லென்ஸ் பெட்டி மட்டும்தான். ஆனால் வரும் ஒளியை 9 மைக்ரான் மட்டுமே அகலமுள்ள ஃபைபர் மையத்துக்குள் திரும்ப நுழைக்க வேண்டுமென்றால் தானாகக் குறி திருத்தும் கண்ணாடி தேவை. பழுதுக்கு அதுவே முதல் ஆள். இன்னொரு தொல்லை, 850 கதிரை சில போன் கேமராக்கள் காட்டிக்கொடுக்கும், 1550ஐ எந்தப் போன் கேமராவும் காட்டாது. குறி பார்க்கத் தொலைநோக்கியும் பெறும் முனையின் சிக்னல் அளவும்தான் துணை.

எதை வாங்கினாலும் தகரக் கூரையிலோ ஒல்லிக் கம்பத்திலோ மாட்டாதீர்கள். கான்கிரீட் தூணின் தலைதான் சரி. கதிர் கொதிக்கும் தளத்தை உரசிப் போகக் கூடாது; மதிய வெப்பக் காற்றில் சிக்னல் துடிக்கும். கிழக்கு மேற்காக அமைந்தால் காலையோ மாலையோ சூரியன் நேராக லென்ஸுக்குள் விழும் நாட்கள் வரும், முனையைச் சில டிகிரி தள்ளி வையுங்கள். கடற்கரை ஊரில் உப்புப் படலத்தைத் துடைக்க மாதம் ஒருமுறை ஏற வேண்டிவரும்.

மாற்றுவழியாக 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்று கூடவே ஓடட்டும். வேகம் குறைந்தாலும் மழையும் பனியும் அதை அசைக்காது. லேசர் விழுந்ததும் ரேடியோவுக்கு உடனே மாற வேண்டும், திரும்பி வரும்போது மட்டும் சிக்னல் சில நிமிடம் நிலைத்த பிறகே மாற வேண்டும். இந்தத் தாமதத்தை வைக்காவிட்டால் மழை விட்டு விட்டுப் பெய்யும் மாலையில் இணைப்பு இரண்டுக்கும் நடுவே ஊசலாடி, ரேடியோ இருந்தும் பயனில்லாமல் போகும்.