பச்சை இலை சின்னத்தோடு பழைய கம்ப்யூட்டர் போர்டு எடுக்க வருகிற ஆட்கள், ஜாக்கிரதை

மலேசியாவின் பினாங்கில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கம்ப்யூட்டர், கைப்பேசி ரிப்பேர் கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். பழைய மதர்போர்டு, ரேம், உடைந்த கைப்பேசி எல்லாவற்றையும் இலவசமாக ஏற்றிக்கொண்டு போய், ஆசிட்டே இல்லாமல் பாக்டீரியா வைத்துத் தங்கம் பிரித்து, அதில் 60 விழுக்காடு உங்களுக்கு என்று சொல்லி ஒரு கும்பல் வேனில் சுற்றுகிறது. என் கடையில் வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த சரக்கு முழுக்க அவர்களிடம் போய்விட்டது.

வந்த ஆள் நல்ல தமிழ் பேசினார். "அண்ணே, கிலோவுக்கு 3 கிராம் கேரண்டி" என்றார். பிரிட்டனின் அரசு நாணயச் சாலையான ராயல் மின்ட், மின்கழிவிலிருந்து தங்கம் பிரிக்க 2024-இல் வேல்ஸில் திறந்த ஆலையின் வீடியோவைக் காட்டி, நாங்களும் இதே முறைதான் என்றார். அந்த ஆலை உண்மை, ஆனால் அங்கே வேலை செய்வது ரசாயனக் கரைசல், பாக்டீரியா இல்லை. பாக்டீரியா முறையும் பொய்யில்லை, குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற கிருமி தானே சயனைடு சுரந்து தங்கத்தைக் கரைக்கும், ஆனால் அது மெதுவாக நடக்கிற வேலை, இவரோ அடுத்த வாரமே காசு என்கிறார். அப்புறம் அந்த 3 கிராம்! கணினி போர்டு ஒரு டன்னில் 200 கிராம் தேறினாலே நல்ல சரக்கு, அதாவது கிலோவுக்கு 0.2 கிராம். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான் முழுக்கச் சேர்த்த சுமார் 79,000 டன் சாதனங்களிலிருந்து கிடைத்த தங்கமே 32 கிலோதான்.

கடைசியில் வந்தது, "போர்டில் தங்க முலாம் ரொம்ப மெல்லிசு அண்ணே" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியும், பழைய இரும்புக்காரர் தருவதை விடக் குறைந்த பணமும், அதிலும் சுத்திகரிப்புக் கட்டணம் என்று ஒரு பிடித்தமும். போர்டைத் திருப்பிக் கொடு என்றால் கரைத்தாச்சாம்.

இடத்தைத் தேடிப் போனோம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, நீல டிரம்கள், மூக்கை எரிக்கிற செம்பழுப்புப் புகை, பின்னால் சாக்கடையில் பச்சை நிறத் தண்ணீர். கூட வந்த என் தம்பி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முலாம் பூசும் பிரிவில் வேலை பார்த்தவன், பார்த்ததுமே நைட்ரிக் ஆசிட் செம்பைத் தின்கிற புகை என்றான். எந்த பாக்டீரியா இப்படிப் புகை விடும்?

மலேசியாவில் மின்கழிவு, 2005 விதிமுறைப்படி எஸ்டபிள்யூ 110 என்ற அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவுப் பட்டியலில் இருப்பது. சுற்றுச்சூழல் துறை, அதாவது ஜாஸ், உரிமம் கொடுத்த இடத்தில்தான் உலோகம் பிரிக்கலாம். அதனால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், நம்பரை ஜாஸிடமே கேட்டு உறுதி செய்யுங்கள், எடையை உங்கள் தராசில் போட்டு அங்கேயே எழுதி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எவனுக்கும் கொடுக்காதீர்கள், வாடிக்கையாளர் குடும்பப் படமெல்லாம் அதில் கிடக்கும்.

ஜாஸிலும் போலீஸிலும் புகார் கொடுத்தாச்சு. இதே ஆட்களிடம் சரக்கு கொடுத்தவர்கள் ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.