சம்பளமா, ஃப்ரீலான்ஸா: செய்த வேலை யாருக்குச் சொந்தம்?

"நான் உட்கார்ந்து எழுதியது, அது எப்படி கம்பெனிக்குச் சொந்தமாகும்?" என்று கேட்பவர்கள் நிறைய. மாதச் சம்பளத்தில் இருந்தால் ஆகும், அவ்வளவுதான். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது. தனியாக எழுதி வாங்கும் தேவைகூட அவருக்கு இல்லை. படைத்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவுப்படி நம்மிடமே தங்குகிறது.

ஃப்ரீலான்ஸில் நிலைமை தலைகீழ். சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்து, பில் போட்டு, பணமும் கைக்கு வந்துவிட்டாலும், எழுத்துமூலம் மாற்றித் தராத வரை பதிப்புரிமை உங்களுடையதுதான். பணம் கொடுத்தவர்களில் பலருக்கு இது சண்டை வரும் நாளில்தான் தெரியவரும். எழுதிக் கொடுத்தாலும், காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று 19ஆம் பிரிவு சுருக்கிவிடுகிறது. அதனால்தான் விவரமானவர்கள் தயாரிக்கும் ஒப்பந்தத்தில் "என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்ற வரி தவறாமல் உட்கார்ந்திருக்கும். கையெழுத்துக்கு முன் தேட வேண்டியது அதைத்தான்.

போட்டோகிராஃபர்களுக்கு ஒரு கெட்ட செய்தி: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், இந்தியச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் காசு கொடுத்தவருக்கே. அமெரிக்காவில் பொதுவாக எடுத்தவருக்கு.

யார் ஊழியர் என்பதே சில சமயம் வழக்காகிவிடும். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு சிலை விவகாரத்தில், செய்யச் சொன்ன அமைப்பு எங்களுக்கே சொந்தம் என்றது. நீதிமன்றமோ, சிற்பி ரீட் சொந்தப் பட்டறையில் சொந்தக் கருவிகளோடு வேலை செய்தாரா, எத்தனை நாள் வேலை, ஊழியருக்குரிய வரி பிடித்தார்களா என்றெல்லாம் பார்த்து, அவர் ஊழியரே இல்லை என்றது. பிரான்சில் இன்னும் ஒரு படி மேலே: வேலை ஒப்பந்தம் இருப்பதாலேயே உரிமை முதலாளிக்குப் போய்விடாது. சாஃப்ட்வேர் ஒரு விதிவிலக்கு, அங்கேயும் அது முதலாளிக்குத்தான். பாவம், சாஃப்ட்வேர் எழுதும் நாங்கள்!

சரி, எது நல்லது? ஒருமுறை எழுதியதைப் பத்து இடத்தில் பயன்படுத்தும் ஆள் என்றால் ஃப்ரீலான்ஸ்தான். அதிலும் உரிமையை மொத்தமாக விற்காமல், பயன்படுத்த லைசென்ஸ் மட்டும் கொடுங்கள். சம்பளம்தான் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஆபீஸ் லேப்டாப்பில் தொடாதீர்கள், சொந்த நேரத்தில் செய்ததுதான் என்றாலும் எது யாருடையது என்று பிரித்துக் காட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். நான் இப்போதைய வேலையில் சேர்ந்தபோது, அதற்கு முன் எழுதியவற்றின் பட்டியலைத் தேதியோடு எச்ஆருக்கு மெயில் போட்டேன். "பார்த்தோம், சரி" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த மெயிலை மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.