ரூ.85,000 போச்சு: டிசைன் ஆப்டிமைசேஷன் பண்ணித் தர்றோம்னு வந்தா உஷாரா இருங்க

அம்பத்தூர் எஸ்டேட்ல சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்துறேன். கஸ்டமர் ஒருத்தர் மோட்டார் பிராக்கெட்டோட (மோட்டாரைத் தாங்குற ஸ்டீல் தாங்கி) எடையை, பலம் குறையாம குறைக்கச் சொன்னார். டிசைன் ஆப்டிமைசேஷன்னு அதைத்தான் சொல்றாங்க. அதுக்காக ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற ஒரு சிமுலேஷன் கன்சல்டன்சிக்கு (பொருளைச் செய்யாமலே கம்ப்யூட்டர்ல சோதிச்சுச் சொல்றவங்க) ரூ.85,000 முழுசா கட்டினேன். பேரைப் போட வேணாம்னு வக்கீல் சொல்லியிருக்கார், அதனால போடல.

நம்ப வச்சது அந்த டெமோதான். என் டேபிள்லயே லேப்டாப்பைத் திறந்து ரெஸ்பான்ஸ் சர்ஃபேஸைக் காட்டினாங்க. சில அளவுகளுக்கு மட்டும் கணக்குப் போட்டு, நடுவுல இருக்கிறதைக் கணிக்கிற வரைபடம் அது. ஸ்லைடரை நகர்த்தி அளவை மாத்த மாத்த ஸ்ட்ரெஸ் (உள்ளே விழுற அழுத்தம்) உடனே மாறுது. "பாருங்க சார், ஒவ்வொரு தடவையும் முழுக் கணக்கையும் ஓட்டி சால்வ் பண்ண வேணாம். 15 டிசைன் பாயின்ட் (15 விதமான அளவு) ஓட்டினா போதும், மிச்சத்தை சாஃப்ட்வேரே கணிச்சிடும்"னாங்க. அது பொய்யில்ல. மூணு அளவை மாத்துறதா இருந்தா எந்தெந்த அளவை ஓட்டணும்னு தேர்ந்தெடுக்கிற சென்ட்ரல் காம்போசிட்ங்கிற முறையில 15 ரன்தான். ஆனா அந்த 15-ம் ஒழுங்கா ஓடியிருக்கணுமே!

ரிப்போர்ட் வந்துச்சு. கலர் கலரா கிராஃப், "சிறந்த டிசைன்: ஸ்ட்ரெஸ் 118 எம்.பி.ஏ." எம்.பி.ஏ.ங்கிறது ஸ்ட்ரெஸ்ஸோட அலகு. இ250 ஸ்டீல், ஈல்டு 250, அதாவது அதுக்கு மேல போனா நிரந்தரமா வளைஞ்சிடும். சேஃப்டி ஃபேக்டர் 2 கேட்டிருந்தோம், அதாவது அதுல பாதி 125-ஐத் தாண்டக் கூடாது. அதுக்குள்ள வருது. சந்தோஷப்பட்டேன்.

கிண்டியில எம்.இ. படிக்கிற என் தங்கச்சி பையன்தான் ரிப்போர்ட்ல அந்த 15 ரன்னையும் போட்டிருந்த டேபிளைப் பார்த்து, "மாமா, இங்க பாருங்க"ன்னான். மத்த ரெண்டு அளவும் நடுவுல இருக்க, ரிப் (பலத்துக்கு வைக்கிற விலாப் பட்டை) தடிமன் மட்டும் ஒரு வரியில 3 மி.மீ., இன்னொண்ணுல 6 மி.மீ. ஸ்ட்ரெஸ் ரெண்டுலயும் புள்ளிக்கப்புறம் வரைக்கும் ஒரே எண். எடையும் அதேதான்! தடிமன் ரெட்டிப்பானா எடை எப்படிங்க மாறாம இருக்கும்? ரிப் அளவு மாடலோட இணையவே இல்ல. பேருக்குத்தான் மாத்தக்கூடிய அளவுன்னு போட்டிருக்காங்க. அவனே டிராயிங்கை வச்சு மாடல் போட்டு, அந்தச் "சிறந்த டிசைனை" முழுசா சால்வ் பண்ணான். 171 எம்.பி.ஏ. சேஃப்டி ஃபேக்டர் 1.5 கூட வரல. இதை நம்பி டை அடிச்சிருந்தா பிராக்கெட் வண்டியில போய் உடைஞ்சாலும் உடைஞ்சிருக்கும்.

போன் போட்டேன். முதல்ல "மெஷ் (கணக்குக்காக மாடலைப் பிரிக்கிற வலை) பிரச்சினை சார், பார்க்கிறோம்". அப்புறம் "லைசென்ஸ் ரினியூவல்ல இருக்கு". சாஃப்ட்வேர்ல திறந்து சரிபார்க்கிற ப்ராஜெக்ட் ஃபைலைக் கேட்டா "அது எங்க ஐ.பி. (அறிவுசார் சொத்து), தர முடியாது". டேபிளை போட்டோ எடுத்து அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. நேர்ல போனா, "சார் சைட்ல இருக்கார்"னு ரிசப்ஷன்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. ஸ்டடியை டெலிவர் பண்ணிட்டோம், ரீஃபண்ட் கிடையாதுன்னு கடைசியா ஒரு மெயில். ரூ.85,000! என் யூனிட்ல மூணு வெல்டர் சம்பளம் அது.

விவரமா டிப்ஸ் எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப ஓடல. அவசரத்துக்கு இது மட்டும்: ரிப்போர்ட் பி.டி.எஃப். போதாது, ப்ராஜெக்ட் ஃபைலும் வேணும்னு பர்ச்சேஸ் ஆர்டர்லயே எழுதுங்க. சிறந்த டிசைனை நிஜமா சால்வ் பண்ணின ரிசல்ட்டைக் கேளுங்க, கணிச்ச எண்ணை ஏத்துக்காதீங்க. டேபிள்ல எடை போட்டிருக்கிற பத்தியை முதல்ல பாருங்க, அளவு மாறும்போது எடையும் மாறுதான்னு. அந்த ரிசல்ட் கைக்கு வர்ற வரைக்கும் பாதிப் பணத்துக்கு மேல கட்டாதீங்க.