மூச்சுக்குழாயைப் பார்க்க வளையும் குழாயா, வளையாத குழாயா?

மூச்சுக்குழாய்க்குள் இறங்கிப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பில் இரண்டு வகை உண்டு. வளையாத உலோகக் குழாய்தான் மூத்தது. 1897-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன், ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் சிக்கியிருந்த எலும்புத் துண்டை அப்படிப்பட்ட குழாயை விட்டுத்தான் வெளியே எடுத்தார். வளையும் குழாயை ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இகெடா 1966-இல் உலகுக்குக் காட்டினார். புதியது வந்ததும் பழையது காட்சிப்பொருளாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கருவி உள்ளே இருக்கும்போது நோயாளி எந்த வழியாக மூச்சுவிடுகிறார்? வளையும் குழாய் பாதையின் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். காற்று அதைச் சுற்றித்தான் போய்வர வேண்டும். வளையாத குழாயில் காற்று அதன் உள்ளேயே போகிறது. பக்கத்து இணைப்பில் செயற்கை சுவாசத்தையும் மாட்டிக்கொள்ளலாம். மற்ற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

அன்றாடத் தேவைக்கு வளையும் குழாய்தான் என்பதில் சந்தேகமே இல்லை. பெரியவர்களுக்கானது சுமார் 5 முதல் 6 மி.மீ. தடிமன். தொண்டையை லிக்னோகெயின் கொடுத்து மரத்துப்போகச் செய்து, லேசான மயக்கத்தில் மூக்கு அல்லது வாய் வழியாக இறக்குவார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். நுனியை மேலும் கீழும் வளைத்து நுரையீரலின் மேல்மடல் கிளைகளுக்குள்கூட நுழையலாம். உப்புநீர் விட்டு உறிஞ்சி, கிருமியைத் தேடச் சோதனைக்கு அனுப்பலாம். சதைத் துணுக்கும் எடுக்கலாம். நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய வகையில், குழாய்ச் சுவருக்கு வெளியே இருக்கும் நிணநீர்க் கணுவைப் பார்த்தபடியே ஊசி குத்தலாம். வளையாத குழாயோ மூச்சுக்குழாய், அதன் முதன்மைக் கிளைகள் என்ற அளவோடு நின்றுவிடும். முழு மயக்கமும் ஆபரேஷன் தியேட்டரும் வேண்டும். கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டியிருப்பதால் கழுத்தெலும்பு உறுதியில்லாதவர்களுக்கு ஆகாது, பல்லுக்கும் ஆபத்து.

ஆனால் ரத்தம் கொட்டும்போது நிலைமை தலைகீழ். வளையும் குழாயின் உறிஞ்சும் துளை 2 முதல் 3 மி.மீ.தான். ஒரு ரத்தக்கட்டி வந்து அடைத்தால் போதும். லென்ஸ் முழுக்கச் சிவப்பாகி எதுவும் தெரியாது. வளையாத குழாய்க்குள் பெரிய உறிஞ்சியை விடலாம், கசியும் இடத்தைக் குழாயாலேயே அழுத்திப் பிடிக்கலாம், நல்ல நுரையீரலுக்குக் காற்றும் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். மூச்சுக்குழாயை அடைத்த கட்டியைக் குடைந்தெடுக்கவும், பாதையைத் திறந்து வைக்கும் சிலிகோன் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைக்கவும் இதுதான் கை கொடுக்கும்.

குழந்தைக்கு நிலக்கடலை புரையேறிப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஈரத்தில் கடலை ஊறிப் பெருக்கும். இடுக்கி அழுத்தினால் உடையும். குழந்தைகளுக்கான வளையும் குழாயின் துளை பெரும்பாலும் 1.2 மி.மீ.; அதில் நல்ல இடுக்கி நுழையாது. குறுகிய பாதையை அதுவே அடைத்தும்விடும். வளையாத குழாயில் குழந்தைக்குக் காற்று போய்க்கொண்டே இருக்க, கடலையைப் பிடித்து, தேவைப்பட்டால் குழாயோடு சேர்த்தே இழுத்துவிடுவார்கள். குரல்நாணைத் தாண்டும் அந்த நொடிதான் பதற்றம். நழுவினால் திரும்பவும் உள்ளே போக வேண்டும். பெரியவர்களுக்குப் புரையேறிய பொருளை வளையும் குழாயாலேயே பல நேரம் எடுத்துவிடலாம்.

சுத்தம் செய்வதிலும் உலோகக் குழாய்க்கே என் ஓட்டு. அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் நேராகப் போடலாம். வளையும் குழாயின் நீண்ட துளையைத் தூரிகையால் தேய்த்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். இதில் கோட்டைவிட்டு ஒருவரின் கிருமி அடுத்தவருக்குப் போன சம்பவங்கள் உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகைகள் அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இடம்பிடித்திருக்கின்றன.

வளையாத குழாயைக் கையாளத் தெரிந்தவர்கள் எல்லா இடத்திலும் இல்லை என்பதுதான் என் கவலை. உங்கள் வீட்டில் யாருக்காவது மூச்சுக்குழாய்க் கட்டியில் துணுக்கு எடுக்கப்போகிறார்கள் என்றால், ரத்தம் நிற்காவிட்டால் வளையாத குழாய்க்கு இங்கே ஏற்பாடு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கைதேர்ந்த மருத்துவர்கள் பல நேரம் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கிறார்கள்: வளையாத குழாயை முதலில் வைத்து மூச்சைக் காத்துக்கொண்டு, அதனுள்ளேயே வளையும் குழாயை விட்டு ஆழக் கிளைகளைப் பார்க்கிறார்கள்.