எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கு எடைக் குறைப்பு: ஸ்லீவா, பைபாஸா, ஊசியா?

எச்.ஐ.வி. என்றாலே உடல் உருகி எலும்பும் தோலுமாகப் போகும் நோய் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலான பிறகு, சிகிச்சையில் இருப்போரிடம் அடிக்கடி காணப்படுவது அதற்கு நேர்மாறான சிக்கல்: உடல் பருமன். டொலுடெக்ராவிர் போன்ற இன்டெக்ரேஸ் தடுப்பான்களும் (வைரஸ் பெருகத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கும் எச்.ஐ.வி. மருந்துகள்), அவற்றுடன் சேரும் இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிர் அலாஃபெனமைடும் சிலருக்கு எடையைக் கூட்டுகின்றன என்பதை 2019இல் வெளியான, தென்னாப்பிரிக்காவில் நடந்த ‘அட்வான்ஸ்’ ஆய்வு தெளிவாகவே காட்டியது. பெண்களிடம் இந்த ஏற்றம் கூடுதலாக இருந்தது.

தொற்று இருப்பது மட்டுமே எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தடை ஆகாது. வைரஸ் கட்டுக்குள் இருந்து, சிடி4 எனப்படும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையும் நன்றாக இருந்தால், அளவுகோல் எல்லோருக்கும் உள்ளதுதான். 1991 முதல் வழக்கில் இருந்த வரம்பு, உடல் நிறைக் குறியீடு (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 40, அல்லது இணைநோயுடன் 35. 2022இல் பன்னாட்டு எடைக் குறைப்பு அறுவை மருத்துவர் அமைப்புகள் இதைத் தளர்த்தி, இணைநோய் இல்லாவிட்டாலும் 35 போதும் என்றும், சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 30லிருந்தே கருதலாம் என்றும் பரிந்துரைத்தன. ஆசியர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே, 27.5 ஆகும்.

எனவே கேள்வி ‘செய்யலாமா’ என்பதல்ல, ‘எதைச் செய்வது’ என்பதே. எடை எவ்வளவு குறையும், சர்க்கரை எவ்வளவு அடங்கும் என்று பார்ப்பது எல்லா நோயாளிகளுக்கும் பொதுவானது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இவற்றோடு, புதிய வயிறும் குடலும் அன்றாட மாத்திரையை உறிஞ்சுமா என்பதும் சேர்கிறது. என் கணிப்பில் இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, குழாய் போன்ற ஒரு பகுதி மட்டும் விடப்படுகிறது. சிறுகுடலில் யாரும் கை வைப்பதில்லை. பைபாஸ் முறையில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை உருவாக்கப்பட்டு, அது நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படுவதால், உணவும் மருந்தும் முன்சிறுகுடலைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. எடையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள இடைவெளி பலர் நினைப்பதைவிடக் குறைவு: பின்லாந்தில் நடந்த ‘ஸ்லீவ்பாஸ்’ ஆய்வில் ஐந்து ஆண்டு முடிவில் மிகை எடையில் (இயல்புக்கு மேற்பட்ட எடையில்) ஸ்லீவ் குழு 49 சதவீதத்தையும், பைபாஸ் குழு 57 சதவீதத்தையும் இழந்திருந்தன. இந்த வேறுபாட்டுக்காக மட்டுமே உறிஞ்சும் குடலை மாற்றியமைப்பது எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தேவையற்ற துணிச்சல் என்று தோன்றுகிறது.

ஆனால் ஸ்லீவுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது நெஞ்செரிச்சல். அறுவைக்குப் பின் பலருக்கு அமிலம் மேலேறி வருவதால், ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை தேவைப்படுகிறது. எச்.ஐ.வி.க்கான ரில்பிவிரின் மாத்திரையோ அமிலம் இருந்தால்தான் கரையும். ஒமெப்ரசோல் வகை மருந்துகளோடு அதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. போதாக்குறைக்கு, ஏறக்குறைய 400 கலோரி கொண்ட உணவுடன் அதை விழுங்க வேண்டும். புதிதாகச் சுருக்கப்பட்ட இரைப்பை ஒரே வேளையில் அவ்வளவு உணவைத் தாங்காது. பைபாஸ் நெஞ்செரிச்சலைத் தணிக்கும் என்றாலும், அந்தச் சிறு பையில் அமிலம் மிகக் குறைவு; புண் வராமல் தடுக்க முதல் சில மாதங்களுக்கு அமிலக் குறைப்பு மாத்திரையும் கொடுக்கப்படுகிறது. ஆகவே எந்த அறுவையானாலும் ரில்பிவிரின் மாத்திரை பொருந்தாது. இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான அடசனாவிரும் அமிலத்தை நம்பியிருப்பதால் அதே நிலைதான். மாத்திரையை அறுவைக்கு முன்பே மாற்றி, புதிய மருந்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் நிற்பதை உறுதி செய்த பிறகே தேதி குறிப்பது நல்லது.

மாற்றாகப் பெரும்பாலும் டொலுடெக்ராவிர் அல்லது பிக்டெக்ராவிர் வருகிறது. அமிலம் இவற்றுக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் கால்சியமும் இரும்பும் இவற்றைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்யும், அந்த இரண்டும் அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் தேவை. சாப்பாட்டோடு சேர்த்தால் ஒன்றாக விழுங்கலாம் என்று விதி இருந்தாலும், நாலு வாய் உணவைச் சாப்பாடாகக் கணக்கிடுவது பாதுகாப்பல்ல. டொலுடெக்ராவிரைக் கால்சியத்துக்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ கொள்வதே உறுதியான வழி. காலை 6 மணிக்கு டொலுடெக்ராவிர், 9 மணிக்கு இரும்பு, பகல் 1, மாலை 5, இரவு 9 மணிகளில் கால்சியம் என்று வைத்தால் எல்லா இடைவெளிகளும் கிடைத்துவிடும். மூன்று வேளைக் கால்சியத்தையும் இரும்பையும் ஒருவர் தவறாமல் எடுப்பாரா என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. பைபாஸில் இந்த ஒழுங்கு பிசகினால் விளைவு கடுமையாக இருக்கும்.

எலும்பும் சிறுநீரகமும் பைபாஸுக்கு எதிராகவே பேசுகின்றன. அது எலும்புத் தேய்மானத்தையும் ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கற்களையும் கூட்டும். பழைய வகை டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் உண்பவர்களிடம் அந்த இரண்டு உறுப்புகளும் முன்பே சுமை தாங்குபவை. இருப்பினும் பல ஆண்டுச் சர்க்கரை நோயும், மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சலும் சேர்ந்திருப்பவருக்கு நான் பைபாஸையே முன்னிறுத்துவேன். குடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிடும் டியோடினல் ஸ்விட்ச் என்ற அறுவை முறை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மாத்திரையை நம்பி வாழ்பவருக்கு அது ஏற்றதல்ல.

அறுவையே வேண்டாம் என்போருக்கு வாரம் ஒரு முறை போடும் எடைக் குறைப்பு ஊசி உண்டு. செமாக்ளுடைட் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதம் எடையைக் குறைத்தது. டிர்சிபடைட் அதிக அளவில் 20 சதவீதத்தைத் தாண்டியது. சில எச்.ஐ.வி. மருந்துகளின் அளவை உடலில் உயர்த்தச் சேர்க்கப்படும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் ஆகியவற்றோடு மோதும் கல்லீரல் நொதிப் பாதையை இவை சார்ந்திராததும் ஓர் அனுகூலம். நிறுத்தினால் எடை திரும்பும் என்பது பாதகம். குறியீடு 35க்குக் கீழே இருப்பவர் முதலில் இதைத்தான் முயல வேண்டும். கொழுப்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும் ஆர்லிஸ்டாட் எச்.ஐ.வி. மருந்தின் அளவையும் குறைக்கக்கூடியது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தாமாகவே வாங்கிப் போடக் கூடாது.

குடலே இல்லாமல் எச்.ஐ.வி. மருந்தைச் செலுத்த முடியுமானால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இடுப்புத் தசையில் போடப்படும் கபோடெக்ராவிர்–ரில்பிவிரின் ஊசி அதைத்தான் செய்கிறது. உறிஞ்சல் பற்றிய கவலை அங்கே இல்லை. ஆனால் குறியீடு 30க்கு மேல் இருப்பது, வேறு சில காரணிகளோடு சேரும்போது, அந்த ஊசி தோற்பதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. தடித்த கொழுப்பைத் தாண்டித் தசையை எட்ட நீளமான ஊசியும் தேவை. ஹெபடைட்டிஸ் பி இருப்பவருக்கு இது தனியாகப் போதாது. டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்தினால் அந்தக் கல்லீரல் தொற்று மீண்டும் தலைதூக்கும் என்பதால், ஊசிக்கு மாறும் முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.